மூணு வேளையும் சஹர்ல

இல்லீங்க டாக்டரம்மா, கடையில ஸ்டாக் இல்லாம இல்ல. இருக்குது. கடைக்காரரு அட்டைய எடுத்து கவர்லகூட போட்டுட்டாரு. நான்தான் வாங்காம வந்துட்டேன். தோ, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிட்டேன் பாருங்க. டானிக்கும் வாங்கிட்டேன். மூணு வேளை போடச் சொன்னீங்களே, ரத்தப்போக்கு நிக்கறதுக்கு, அது மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன்.

கோச்சிக்காதீங்க. தெரியும். ரத்தம் ஆறு பாயிண்டுதான் இருக்குதுன்னு நீங்க சொன்னப்ப நானும் இங்கதான நின்னுகினு இருந்தேன். ஷஹனாஸுக்கு பத்து நாளா நிக்காம போய்க்கினு இருக்குது. என்னாண்ட சொல்ல வெக்கம் அவளுக்கு. நேத்து கம்பெனில பேக்கிங் லைன்ல நின்னுகினு இருந்தவ அப்படியே மடங்கி வுழுந்துட்டா. சூப்பர்வைசரம்மா போன் பண்ணி, நான் எளாவூர்லருந்து லாரியில தொத்திகினு ஓடியாந்தேன். பெத்த பொண்ணுக்கு மருந்து வாங்க டப்பு இல்லாமயோ மனசு இல்லாமயோ வந்து நிக்கலீங்க. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்.

வெளிய ஆளு இருக்குதா? நான்தான் கடைசின்னு நர்ஸம்மா சொன்னாங்களே. அவள பெஞ்சுல ஒக்கார வச்சி ஒரு இளநி வாங்கிக் குடுத்துருக்கேன். குடிச்சி முடிக்க அவளுக்கு நேரமாவும், எதையுமே மெதுவாத்தான் குடிப்பா. கதவ கொஞ்சம் சாத்திக்கட்டுமா?

யாரும் ஒன்னும் சொல்லிக் குடுக்கலீங்க. நாட்டு மருந்துக்காரன் பேச்சையும் கேக்கல. எனக்கு அந்த மருந்து தெரியும். உங்களுக்குத் தெரியற மாதிரி இல்ல, எனக்கு வேற மாதிரி. நான் பண்ணியிருக்கேன். ஆமாங்க, இந்தக் கையால. சிரிக்காதீங்க. இந்த கும்மிடிப்பூண்டி சிப்காட்லதான், ஆறு வருஷம். கம்பெனி பேரு வேணாம், இப்ப அது கை மாறிப் போச்சி. மாத்திரை பண்ற கம்பெனி இல்லீங்க, மாத்திரைக்குள்ள போற பவுடர் பண்ற கம்பெனி. நான் கடைசி ரூம்ல இருந்தேன். டிரையர்ல காஞ்சி வர்றத சலிச்சி, எடை போட்டு, இருபத்தஞ்சு கிலோ டிரம்ல ரொப்பி, சீல் வச்சி அனுப்பணும். தலைக்கு வலைத்தொப்பி, மூஞ்சிக்கு மாஸ்க்கு, கைக்கு கிளவுஸு, கண்ணு மட்டும்தான் தெரியும். வெள்ள வெளேர்னு உப்பு மாதிரி இருக்கும் அது. எவ்ளோ மூடிகினாலும் சாய்ந்தரம் ஒதட்டுல ஒரு கசப்பு தங்கிடும். கடையில அட்டைய திருப்பி பின்னாடி எழுதியிருந்த பேர படிச்சேன் பாருங்க, படிச்ச ஒடனே அந்தக் கசப்பு நாக்குக்கு வந்துடுச்சி. எட்டு வருஷம் ஆச்சி நான் அந்த வேலைய வுட்டு.

இப்பவா? எளாவூர் செக்போஸ்ட்டாண்ட எடைமேடையில இருக்கேன். லாரி ஏறும், நம்பர் பாத்து சீட்டு குடுக்கணும். அப்பவும் எடை போட்டேன், இப்பவும் எடைதான் போடறேன். அப்ப கிராம், இப்ப டன்னு. அவ்ளோதான் வித்தியாசம்.

வர்றேங்க, விஷயத்துக்குத்தான் வர்றேன். அந்தப் பவுடர் இன்னா பண்ணும்னு எனக்கு மொதல்ல தெரியாது. அங்க யாருக்குமே தெரியாது. எங்க ரூம்ல பதினோரு பேரு, ஓ.டி எப்ப குடுப்பாங்கன்னு கேப்பாங்களே தவிர, நாம ரொப்பறது இன்னான்னு ஒருத்தனும் கேட்டதில்ல. நான் கேட்டேன். அதான் என் கெட்ட நேரம். லேப்ல அன்புராஜ்னு ஒரு சாரு. பொதட்டூர்பேட்டைக்காரரு, அவங்க ஊட்டுல தறி ஓடுது, இவரு மட்டும் எம்.எஸ்சி படிச்சிட்டு இங்க வந்து சாம்பிள் பாத்துகினு இருந்தாரு. ஒரு விஷயத்த கேட்டுட்டா போதும், டீ ஆறிப்போற வரைக்கும் சொல்லுவாரு. பாவம், அவரு சொல்றத கேக்கறதுக்கு அங்க ஆளே கெடையாது. நான் கெடச்சேன்.

அன்னிக்கு டீக்கு முறுக்கும் மிக்சரும் வந்துருந்துச்சி. தட்டத் தன் பக்கம் இஸ்துகினாரு. தாஹா பாய், ரத்தம் எப்டி ஒறையுதுன்னு தெரியுமான்னாரு. தெரியாது சார்னேன். தலையிலருந்து வலைத்தொப்பிய கழட்டி மேசை மேல விரிச்சி வச்சாரு. கையில வெட்டுப் பட்டா ஒடம்பு இப்டி ஒரு வலைய பின்னும், அதுல ரத்தம் மாட்டிகினு கட்டியாவும், கசியறது நின்னுடும். சரி, புண்ணு ஆறிடுச்சி, அப்பால அந்த வலைய யாரு அறுக்கறது? அதுக்குன்னு ஒரு கத்தரி ரத்தத்துல ஓடிகினே இருக்குதுன்னாரு.

ஆமாங்க, அதேதான், பிளாஸ்மின். நீங்களே சொல்லிட்டீங்க. அவரும் அந்தப் பேருதான் சொன்னாரு, எனக்கு வாயில நுழையல, நான் கத்தரின்னே வச்சிகினேன். லேபிள் வெட்டற கத்தரிக்கோல எடுத்து மேசையில வச்சி, அது பின்னாடி அஞ்சு முறுக்க வரிசையா அடுக்குனாரு. இதான் அதோட உருவம் பாய், முன்னால வெட்டற வாயி, பின்னால அஞ்சு முறுக்கு, நெசமாவே முறுக்கு மாதிரி சுத்திகினு இருக்கும்னாரு. ஒவ்வொரு முறுக்குலயும் ஒரு குழி. வலையோட நூல் முனை அந்தக் குழில வந்து ஒக்காரணும். ஒக்காந்தாதான் கத்தரிக்கு புடி கெடைக்கும், வலைய அறுக்கும். சொல்லிட்டு, மிக்சர்லருந்து பூந்திய ஒன்னொன்னா பொறுக்கி முறுக்கு ஓட்டையில எல்லாம் அடைச்சாரு. இதான் பாய் நீங்க டிரம்ல ரொப்பறதுன்னாரு. நம்ம பவுடரு பாக்கறதுக்கு அந்த நூல் முனை மாதிரியே இருக்குமாம். அது போய் குழில ஒக்காந்துகினா வலைக்கு எடம் இல்ல. கத்தரி கெட்டுப் போவல. கூர்மையாத்தான் இருக்குது. வலை பக்கத்துலயே சுத்தி வரும், தொட முடியாது.

நான் வேற ஒன்னு கேட்டேன். ஹார்ட் அட்டாக்குன்னா கட்டிய கரைக்க ஆஸ்பத்திரில ஊசி போடறாங்களே, அது இன்னா சார்னு. அது இந்தக் கத்தரிய தட்டி எழுப்பி வுடற ஊசி பாய், ஒடம்புல இருக்கற அத்தனை கத்தரியும் முழிச்சிகினு வலைய அறுக்க ஓடும்னாரு. நம்ம பவுடர துண்ணவனுக்கு அந்த ஊசிய போட்டா இன்னா ஆவும் சார்னேன். சிரிச்சாரு. ரெண்டும் ஜென்மப் பகை பாய், இது உள்ள இருக்கற வரைக்கும் அது வீண்தான்னாரு. நானும் சிரிச்சேன். முறுக்கையும் பூந்தியையும் துண்ணுட்டு ஷிப்ட்டுக்குப் போயிட்டோம்.

பாருங்க, ஒரு வார்த்தை வுடாம நெனப்புல இருக்குது. நேத்து இன்னா சாப்ட்டன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

எங்க ஊட்டம்மா பேரு நசீம் பானு. பழவேற்காடு. அவங்க வாப்பா கருவாட்டு யாவாரம், நாங்களும் அங்க அவங்க ஊட்டுக்குப் பக்கத்துலயேதான் குடி இருந்தோம். நான் அங்கருந்து சைக்கிள்ல பொன்னேரி வந்து கம்பெனி பஸ் புடிப்பேன். ஷஹனாஸ் பொறந்ததுக்கு அப்பால நசீமுக்கு இதே தொல்லை. மாசத்துல பன்னெண்டு நாளு, பதிமூணு நாளு. ஒரு தடவை பொன்னேரிக்கு இட்டுகினு போனேன். அன்னிக்கு லேடி டாக்டர் லீவு, ஆம்பள டாக்டர் ஒக்காந்துருந்தாரு. வாசல்லயே திரும்பிட்டா. அதுக்கு மேல கூப்ட்டா வர மாட்டேன்னுட்டா. ஒடம்பு அசதிய பத்தி அவ பேசுனதே இல்லீங்க. அவ அழுததெல்லாம் தொழுவ முடியலியேன்னுதான்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எங்கள்ல அந்த நாளுல தொழுவக் கூடாது, நோன்பு வெக்கக் கூடாது. வுட்டுப் போன நோன்ப அப்பால ஒரு நாளு வச்சி அடைக்கணும். எல்லாருக்கும் அஞ்சோ ஆறோ போவும். இவளுக்கு ரமலான்ல பாதி பூடும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தாண்ட அவரு ஊட்டம்மாவ வுட்டு கேட்டுப் பாத்தோம். பதினஞ்சு நாளத் தாண்டிப் போச்சின்னா அது சீக்கு ரத்தம், குளிச்சிட்டு தொழுவலாம்னு சொல்லி அனுப்புனாரு. இவளுக்கு பதிமூணுல நின்னுடும். தாண்டவும் தாண்டாது, வுடவும் வுடாது. ராத்திரில எதுத்த ஊட்டுல பொம்பளைங்க எல்லாம் சேந்து தராவீஹ், அதான் ரமலான் ராத்திரித் தொழுவ, தொழுவாங்க, இவ ஜன்னல் கம்பிய புடிச்சிகினு நின்னு ஓதறத கேட்டுகினு இருப்பா. நான் டியூட்டி முடிஞ்சி வந்து அத்த பாப்பேன். நான் இருபத்தஞ்சு இருபத்தஞ்சு கிலோவா ரொப்பி ஊரு ஒலகத்துக்கே அனுப்பறேன், என் பொண்டாட்டி ஜன்னல்ல நின்னு அழுவறா.

கடையில வாங்கியிருக்கலாங்க. ஏன் வாங்கல? கடையில போய் இன்னா மாத்திரைன்னு எப்டி கேக்கறதுன்னு ஒரு வெக்கம். அத்த வுட ஒரு திமிரு. நானே பண்றது, அத்த இன்னொருத்தன் அட்டை போட்டு விக்கறான், நான் அவனாண்ட கை நீட்டணுமான்னு ஒரு திமிரு. கேட்டுல செக்கிங் உண்டு. டிபன் பாக்ஸ தொறந்து காட்டணும், ஆனா மேல் தட்ட காட்டுனா போதும், கீழ் தட்ட யாரும் பாக்க மாட்டாங்க. தரையில கொட்டுனத எடுக்கல நான். நல்ல சரக்கு, டெஸ்ட்டுல பாஸான பேட்ச்சு. எங்க ஊட்டு உப்பு ஸ்பூன கம்பெனிக்கே எடுத்துகினு போயி, தராசுல வச்சிப் பாத்தேன். தலை தட்டுனா சரியா ஒரு கிராம். ஒரு நாளைக்கு மூணு கிராம், மூணு வேளையா. லேப்ல இருந்த மருந்து பேப்பர்ல போட்டிருந்துச்சி. அளவுல நான் தப்பு பண்ணலீங்க டாக்டரம்மா. இந்தக் கையி அளவுல தப்புனதே இல்ல.

நோன்புக்கு முந்துன மாசம் குடுத்துப் பாத்தேன். அஞ்சாம் நாளே நின்னுடுச்சி. குளிச்சிட்டு வந்து தலைய தொவட்டிகினே என்ன பாத்தா பாருங்க. கல்யாணமாயி பத்து வருஷத்துல அவ அப்டி என்ன பாத்தது இல்ல. அன்னிக்கு எறா வறுத்து எனக்கு மட்டும் தனியா எடுத்து வச்சிருந்தா. மனுஷன் அந்தப் பார்வைக்காவ இன்னா வேணா பண்ணுவான்.

அது ரெண்டாயிரமாவது வருஷம். டிசம்பர் மாசம், மழை. நோன்புல மொத ரெண்டு நாளு போச்சி, மூணாம் நாளு குளிச்சிட்டா, அன்னையிலருந்து ஒரு நோன்பு வுடல. பவுடரையும் வுடல. வுட்டா திரும்ப வந்துடுமோன்னு பயம். சரி, நோன்புன்னா பகல்ல ஒரு சொட்டு தண்ணி கூட உள்ள போவக் கூடாது, மூணு வேளைய எங்க வெக்கறது? நான்தான் ரோசனை சொன்னேன். பகல்லதான நோன்பு இருக்குது, பகல்லதான ரத்தம் வரக் கூடாது, மூணு ஸ்பூனையும் சஹர்லயே போட்டுக்கன்னேன். சஹர்னா விடியறதுக்கு முந்தி சாப்புடறது. சாப்ட்டு முடிச்சி பாங்கு சொல்றதுக்குள்ள ஒரே டம்ளர்ல மூணு கிராம். அப்பறம் சாய்ந்தரம் வரைக்கும் தண்ணி கெடையாது.

ஆமாங்க. நோன்பு தொறந்துட்டு ஒன்னு, படுக்க சொல்ல ஒன்னு, சஹர்ல ஒன்னுன்னு பிரிச்சிருக்கலாம். நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க. எனக்கு அந்த மாசம் பூரா தோணல. அவ மௌத்தாயி மூணாம் நாளு ஃபாத்திஹா ஓதிகினு இருக்க சொல்ல தோணிச்சி. எல்லாரும் கைய தூக்கி துவா கேட்டுகினு இருக்காங்க, எனக்கு விரலு தானா எண்ணிகினு இருக்குது, மஃக்ரிபுக்கு ஒன்னு, இஷாவுக்கு ஒன்னு, சஹருக்கு ஒன்னுன்னு.

அதாங்க. செத்துட்டா. மூணு நாளா இடது கெண்டைக்கால் வலின்னா. தராவீஹ்ல நின்னு நின்னு தொழுதது, அத்தினி வருஷத்து ஆசைக்கு ஒரு ராத்திரி வுடாம நின்னா, அதான் வலின்னு நெனச்சோம். கால் கொஞ்சம் வீங்கி இருந்துச்சி. தேங்கா எண்ணைய சூடு பண்ணி நான்தான் உருவி வுட்டேன். மூஞ்சிய திருப்பிகிட்டீங்களே. தெரியும், உருவக் கூடாது. இப்ப தெரியும். அவளோட பதினாறாவது நோன்பு அன்னிக்கு பகல்ல லுஹர் தொழுதுட்டு பாய மடிக்க குனிஞ்சா, மூச்சு வாங்குதுன்னா, அப்டியே செவுத்துல சாஞ்சிட்டா. ஒதடு நீலமா ஆயிடுச்சி. தண்ணி குடுத்தேன், நோன்பு போயிடும்னு வாய மூடிகினா. அந்த நெலமையிலயும் மூடிகினா.

பக்கத்து ஊட்டு வேன்ல பொன்னேரி, அங்கருந்து பட்டணத்துக்கு ஆம்புலன்ஸு. மூணரை மணி ஆயிடுச்சி போய் சேர. அங்க ஒரு சின்ன வயசு டாக்டரு. கெட்டிக்காரரு, அல்லா அவர நல்லா வெக்கணும். கால தொட்டுப் பாத்தாரு, ரெண்டு கேள்வி கேட்டாரு, படம் எடுத்தாரு, புடிச்சிட்டாரு. கால்ல ஆன கட்டி மேல போயி நுரையீரல அடைச்சிகிச்சி, கட்டி கரைக்கற ஊசி போடறோம், கையெழுத்து போடுன்னாரு. போட்டேன். ஊசி ஏற ஏற நான் கண்ணாடி வழியா பாத்துகினே இருக்கேன். எனக்கு அங்க நசீம் தெரியல டாக்டரம்மா. மேசை மேல வலைத்தொப்பி தெரியுது, கத்தரி தெரியுது, அஞ்சு முறுக்கு தெரியுது, அஞ்சு ஓட்டையிலயும் பூந்தி. அந்த ஆஸ்பத்திரில அன்னிக்கு நூறு டாக்டரு இருந்துருப்பாங்க. இந்த ஊசி புடிக்காதுன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், கைலி கட்டிகினு வராண்டாவுல நின்னுகினு இருந்தவன்.

ஒரு மணி நேரம் பாத்தாங்க. கட்டி அசையலியேன்னு அந்த டாக்டரு தனக்குத் தானே சொல்லிகினாரு. நோன்பு தொறக்கற நேரத்துக்கு பத்து நிமிஷம் முந்தி போயிட்டா.

மீதி பவுடரா? டிபன் பாக்ஸ் கீழ் தட்டுல அரை தட்டுக்கு இருந்துச்சி. ஏரில கொட்டலாம்னு போனேன். எறா, மீனு, அதுங்களுக்கும் ரத்தம்தானன்னு தோணிச்சி, திரும்பிட்டேன். நாலாம் நாளு டியூட்டிக்குப் போனேன். லீவு போட்டா ஏன்னு கேப்பாங்களேன்னு போனேன். போயி, எடுத்த எடத்துலயே, அடுத்த டிரம்ல கொட்டி சலிச்சி சீல் வச்சிட்டேன். எடை சரியா இருந்துச்சி. அது எந்த ஊருல எந்தப் பொம்பளைக்கு மாத்திரையா போச்சோ. மூணு மாசம் தள்ளிட்டேன், அதுக்கு மேல முடியல. மாஸ்க்குக்கு உள்ள அந்தக் கசப்பு வர்றப்பல்லாம் வெளிய ஓடிப் போயி வாய கொப்புளிப்பேன். பேஜாரா பூடுச்சி, வேலைய வுட்டேன். போற அன்னிக்கு அன்புராஜ் சாராண்ட சும்மா கேக்கறாப்ல கேட்டேன், காலையில அஞ்சு மணிக்கு துண்ணா சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு ஒடம்புல இருக்குமா சார்னு. மூத்திரத்துல போயிடும் பாய், முக்கால்வாசி போயிருக்கும்னாரு. மொத்தமும் போயிருக்குமா சார்னு கேட்டேன். என் மூஞ்சிய ஒரு தடவை பாத்தாரு. கைய புடிச்சிகினாரு.

நீங்களும் அதான் சொல்றீங்க. அது இல்லன்னாலும் போயிருக்கலாம், கட்டி பெருசா இருந்துருக்கும்னு. இருக்கலாங்க. ஆனா போயிருப்பான்னு சொல்ல மாட்டேங்கறீங்க. போயிருக்கலாம்னு சொல்றீங்க. அந்த லாம்ல ஒம்போது வருஷமா குடி இருக்கேன் நானு.

ஏன் சொல்லலன்னா கேக்கறீங்க? வரும், இந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஆமா, கேட்டாரு அந்த டாக்டரு. கையெழுத்து வாங்கறதுக்கு முந்தி, பேனாவ தொறந்து வச்சிகினு, நிதானமா கேட்டாரு. வேற எதுனா மருந்து சாப்புடறாங்களா, மாத்திரை, பவுடரு, எதுனான்னு. பவுடருன்னே கேட்டாரு. அந்த மாசம்தான் கம்பெனில ஒருத்தன் ஒரு கேன் சால்வென்ட்ட எடுத்தான்னு கேட்டுலயே முட்டி போட வச்சி போலீஸ கூப்ட்டாங்க. அது கண்ணு முன்னாடி வந்துச்சி. காலையில குடிச்சது, இதுக்குள்ள போயிருக்கும்னு மனசு வேற கணக்கு போட்டுச்சி. இல்ல சார்னு சொல்லிட்டேன். ஒன்னும் சாப்புடறதில்ல சார், நோன்பு வேற சார்னேன்.

அவ்ளோதாங்க. நான் சொல்ல வந்தது அது கூட இல்ல. பக்கத்துல ஷஹனாஸ் நின்னுகினு இருந்தா. ஒம்போது வயசு அப்ப. அவதான் தெனம் சஹருக்கு எழுந்து அந்த மூணு ஸ்பூன எலுமிச்சம்பழத் தண்ணில கலக்கி அவங்க அம்மாவுக்குக் குடுப்பா, கசப்பு தெரியாம சக்கரை போட்டு. நான் இல்ல சார்னு சொன்ன ஒடனே, இல்ல வாப்பான்னு வாய தொறந்தா. நான் அவ தோள புடிச்சி அழுத்துனேன். மூடிகினா. அன்னையிலருந்து இன்னி வரைக்கும் அவ என்ன ஒரு வார்த்தை கேட்டதில்ல, நானும் அத்த பத்தி அவளாண்ட பேசுனதில்ல. ஒரே ஊட்டுல ரெண்டு பேரு.

சாய்ந்தரம் இதே எடத்துல நீங்க அவள கேட்டீங்க. ஊட்டுல யாருக்குனா ரத்தக்கட்டி, கால் வீக்கம், அடைப்பு வந்துருக்குதாம்மான்னு. அவ என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு இல்லன்னா. நான் அந்தப் பீரோவாண்ட நின்னுகினு இருந்தேன், என் கை அவ தோளுக்கு எட்டக்கூட எட்டாது.

நீங்க இல்லன்னு எழுதிகினீங்க.

அத்த அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க டாக்டரம்மா. அவள உள்ள கூப்ட்டு அதே கேள்விய இன்னொரு தடவை கேளுங்க. நான் வெளிய போய் ஒக்காந்துக்கறேன்.